நீலாவின் பாட்டில் என் குரல்

ஏப். 21, செவ்வாய்

காலையில் நல்ல வெயில். பத்து மணிக்கே மேகம் வந்துவிட்டது. துவைத்துப் போட்ட ரஜாய்ப் போர்வை ஏழும் அரை ஈரம். மத்தியானம் மழை பிடித்தால் தொலைந்தேன்.

செய்ய வேண்டியது:
பங்களாவில் ரூம் நெ. 2, நெ. 4 – விரிப்பு மாற்ற.
கேஸ் சொல்ல.
காவ்யாவுக்குக் கண்ணாடி பவர் பார்க்க, சேலத்தில்.
பீன்ஸ், சௌசௌ. கேரட் வேண்டாம், இருக்கிறது.

ஒன்றும் நடக்கவில்லை.

நாலு மணிக்கு, நான் வேலை பார்க்கும் எஸ்டேட் பங்களாவில், நெ. 4-இல் தங்கியிருக்கும் பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு டீயும் பக்கோடாவும் கொண்டுபோனேன். புல்தரையில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போட்டிருந்தார்கள். பாட்டுக்கு முன்னால் ஒரு பெண் பேசுகிறாள். காற்று இரைகிறது, தூரத்தில் ஒரு நாய். "அக்கா, அப்பன் கடைசியா உன் பேரைத்தான் சொன்னாரு" என்கிறாள்.

என் குரல்.

யாரோ என்னை மாதிரியே பேசுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். "உன் பங்கு மண்ணு என் கையில இருக்குது" என்று வந்ததும் தெரிந்துவிட்டது. தட்டைக் கீழே வைத்தேன். பிறகு டம் டம் என்று அடி, அதன்மேல் ஒரு பொண்ணு மூச்சு விடாமல் இங்கிலீஷில் பொரிந்து தள்ளுகிறாள். நடுநடுவே மறுபடியும் நான். "ஒரு வாயி மூடட்டும். ஒரு வாயி மூடட்டும். ஒரு வாயி மூடட்டும்." நான் ஒரு தடவைதான் சொன்னேன். வெட்டி வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

ஒரு பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டே, "அக்கா, இது கேட்டிருக்கீங்களா? அமெரிக்காவுல செம ஹிட்" என்றாள்.

"இல்லைங்" என்றேன்.

சமையற்கட்டுக்கு வந்தால் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து கிடந்தது. வீட்டுக்கு வந்து மகள் காவ்யாவைக் கேட்டேன். அவளுக்குப் பத்து நாளாகத் தெரியுமாம். பாடுகிறவள் நீலா. அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா கலாவின் மகள்.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ அழுவம்மா."

அழவில்லை. ரஜாய் நனைந்துவிட்டது.

ஏப். 22, புதன்

மழை. நெ. 4 காலி. நெ. 2-க்கு ஹீட்டர் வேலை செய்யவில்லை.

நடந்ததை ஒரு தடவை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். மனசுக்குள்ளேயே வைத்திருந்தால் வரிசை மாறிப் போகிறது.

அப்பா இறந்தது நாலு வருடத்துக்கு முன்னால், இதே கோடையில். எட்டு மாதம் படுக்கை. துடைத்ததும் கழுவியதும் கஞ்சி ஊட்டியதும் நான். அக்கா ஹூஸ்டனில் நர்ஸ். "வர்றேன் சுமதி, வர்றேன்" என்று எட்டு மாதமும் போனில் சொன்னாள். வரவில்லை. அப்பா போனதும், அவள் வருவாள் என்று இரண்டு நாள் ஐஸ் பெட்டியில் வைத்துப் பார்த்தோம். அப்போதும் "வர முடியலை" என்று ஒரே ஒரு வரி.

ஆண் பிள்ளை இல்லாத வீடு, அதனால் நானே குழிவரை போனேன். எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் பின்னால்தான் எங்கள் இடுகாடு. எங்களில் பிள்ளைக்கு மூன்று கை மண். என் மூன்றையும் போட்டேன். மேஸ்திரி, "பெரிய புள்ளை பங்கையும் நீயே தள்ளிரு கண்ணு" என்றார். அள்ளினேன். போட மனசு வரவில்லை. ஒரு கையில் அவள் பங்கு மண், இன்னொரு கையில் போன். அவளுக்கு வாய்ஸ் மெசேஜ் பேசிக்கொண்டே மண்ணைக் காற்றில் விட்டேன்.

சொன்னது இவ்வளவுதான். பாட்டில் அப்படியே இருக்கிறது.

"அக்கா, அப்பன் கடைசியா உன் பேரைத்தான் சொன்னாரு. கலா கலான்னு சொல்லீட்டே வாயி மூடிக்கிச்சு. நீ வல்லை. உன் பங்கு மண்ணு என் கையில இருக்குது, இதைக் குழியில போடமாட்டேன், காத்துல உடறேன். எங்கப்பன் வாயி மூடுன மாதிரி உன் ஊட்டுலயும் ஒரு வாயி மூடட்டும். சேர்வராயன் பாத்துக்கட்டும்."

மண்ணை வாரி விட்டு மலைச்சாமி சேர்வராயன் பேரையும் சொன்னால் அது என்ன என்று இந்த மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் விட்டேன்.

அக்கா பதில் போடவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

ஏப். 24, வெள்ளி

மேகம், மழை இல்லை. நெ. 1, நெ. 3-க்குக் கோயமுத்தூர்க் குடும்பம். பாட்டிம்மாவுக்கு உப்பு போடாத ரசம்.

காவ்யா போனில் நீலாவின் பேட்டிகளைப் படித்துத் தமிழில் சொன்னாள். மறக்காமல் இருக்க:

வயசு 23. மேடைக்கு ஷெவரா என்று பேர். நம் மலையின் இங்கிலீஷ் பேரிலிருந்து அவளே எடுத்துக்கொண்டது. இங்கே ஒரு தடவைகூட வந்ததில்லை.

அப்பா ஜெரோம், கறுப்பர், சர்ச்சில் டிரம்ஸ் வாசிக்கிறவர். (அவர்கள் கல்யாண போட்டோ வந்த அன்று எங்கள் அப்பா யாரோடும் பேசவில்லை. மறுநாள் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார்.)

பன்னிரண்டு வயதில் ஸ்கூல் பஸ்ஸில் ஒருவன் அவள் முடியைப் பற்றி ஏதோ சொல்ல, இவள் எதுகை போட்டுத் திருப்பித் திட்ட, பஸ்ஸே கை தட்டியதாம். அதுதான் ஆரம்பம். வாய் எங்கள் குடும்ப வாய்.

கார் கழுவும் இடத்தில் வேலை பார்த்திருக்கிறாள். தண்ணீர் பீய்ச்சும் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்று கத்திப் பாடிப் பழகினாளாம்.

இரண்டு வருடம் சின்னச் சின்ன ஹால்கள். ஒரு இடத்தில் ஒன்பது பேர் வந்தார்கள், அதில் இரண்டு பேர் அக்காவும் ஜெரோமும்.

இந்தக் கோடையில் ஒரு பெரிய பாடகர் போகிற ஊருக்கெல்லாம் கூடவே போய் அவருக்கு முன்னால் பாடுகிறாள். முதல் ஆல்பம் ஆகஸ்டில். அதில் முதலில் வெளியே விட்டது இந்தப் பாட்டு.

ஆரம்பத்தில் பேசுவது யார் என்று எல்லாப் பேட்டியிலும் கேட்கிறார்கள். "தாத்தா செத்தப்ப எங்க சின்னம்மா அழுதது. எங்க ஊர் ஒப்பாரி, அதுல திட்டும் வரும்" என்று சொல்லியிருக்கிறாள். அக்கா அவளிடம் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறாள்.

காவ்யா படிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப். 26, ஞாயிறு

கூட்டமோ கூட்டம். ஏரியிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டி நகரவில்லை. முட்டை தீர்ந்து இரண்டு தடவை ஆள் விட்டேன்.

என் வீட்டுக்காரர் முருகேசன் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறார். இப்போது சவாரி முழுக்க அந்தப் பாட்டுதான். இன்று பங்களா வாசலில் என் காதுபடவே, "ஏனுங் சார், இது யாரு குரலுன்னு நெனைக்கறீங்க? எம்பட ஊட்டுக்காரியுதுங்!" வந்தவர்கள் ஜன்னல் வழியாக என்னை போட்டோ எடுத்தார்கள். கையில் துடைப்பம்.

வீட்டில் சண்டை.

"அதுல என்ன சொல்லியிருக்குதுன்னு ஒருக்காவாச்சும் கேட்டீங்களா?"

"கேட்டனே. அழுவற. நல்லாத்தான் அழுவற."

"சாபங்க அது."

"நாலு வருசம் ஆச்சு. இன்னேரம் எக்ஸ்பைரி ஆயிருக்கும் உடு."

சிரித்துவிட்டேன். சிரித்ததற்கு என் மேலேயே கோபம் வந்து சட்டியைப் போட்டு உருட்டினேன்.

சாயங்காலம் ஏரிக்கரையில் நாலு காலேஜ் பிள்ளைகள் ரீல்ஸ் எடுத்தார்கள். பாட்டுக்குத் தகுந்தாற்போல் குனிந்து மண் அள்ளி, நிமிர்ந்து காற்றில் விட வேண்டும். மூன்று தடவை சரியாக வரவில்லை என்று மறுபடி எடுத்தார்கள். ஒருத்தி கையில் மண் இல்லை, ஜிகினா.

லைனில் எல்லோரும் கேலி. "ஏனுங்கக்கா, அமெரிக்காவுலருந்து ஏரோப்ளேன் வருதாமா உங்களைக் கூட்டீட்டுப் போவ?" பாப்பாத்தியக்கா மட்டும் சிரிக்கவில்லை. என்னோடு மிளகு பறித்தவள், குழியடியில் அன்றைக்கு நின்றவள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"நீ அதைத் திருப்பி எடுத்தயா இல்லையா?"

"இல்லீங்."

"ஒருக்கா சொன்னதே ஆவாது. இது ஒலகம் பூரா சொல்லீட்டே இருக்குதேடி."

அதுதான் எனக்கும் பயம். ஒவ்வொரு தடவை போடும்போதும் புதிதாக விழுகிறதா, இல்லை, எத்தனை தடவை போட்டாலும் ஒன்றுதானா? இதை யாரிடம் கேட்பது? எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று காவ்யா போனைக் காட்டினாள். சைபர்களை எண்ணாமல் திருப்பிக் கொடுத்தேன்.

ஏப். 29, புதன்

குளிர் காற்று. நெ. 3 கழிப்பறை அடைப்பு, ஆள் வரவில்லை, நானே.

காவ்யா எனக்குச் சொல்லாமல் நீலாவுக்கு மெசேஜ் போட்டிருக்கிறாள். சாயங்காலம் ஆறு மணிக்கு நீலாவே வீடியோவில் வந்துவிட்டாள். நான் நைட்டியில்.

"சின்னம்மா, நல்லா இருக்கீங்களாங்?"

அந்த 'ங்' கேட்டதும் ஆடிப்போனேன். அக்கா இந்த மலையை விட்டுப் போனபோது பேசிய பேச்சு அப்படியே அந்தப் பிள்ளை வாயில் இருக்கிறது, நாக்கு மட்டும் அமெரிக்கா. நெற்றி எங்கள் அப்பா நெற்றி. தலை நிறையச் சின்னச் சின்னப் பின்னல். கழுத்தில் பச்சை குத்தியிருக்கிறாள், என்ன என்று கேட்டேன், சேர்வராயன் மலையாம். போட்டோவில் பார்த்து வரைந்தது. உச்சி இந்தப் பக்கம் இருக்க வேண்டும், அந்தப் பக்கம் இருக்கிறது. சொல்லவில்லை.

அவள் சொன்னதை எழுதிவிடுகிறேன்.

"அம்மா ஞாயித்துக்கெழமையானா கதவைச் சாத்தீட்டு உங்க மெசேஜைக் கேப்பாங்க சின்னம்மா. நான் வெளிய நின்னு கேப்பேன். அப்ப நான் எழுதறதெல்லாம் குப்பை. நீங்க எங்க மூச்சு எடுக்கறீங்க, எங்க அடிக்கறீங்கன்னு பாத்துத்தான் எனக்குப் பாட்டு வந்துச்சு. மண்ணைப் பத்திச் சொல்ற எடத்துல நீங்க மூச்சே எடுக்கலீங், தெரியுமா?"

தெரியும். அப்போது மூச்சு எங்கே இருந்தது.

பேசப் பேசக் குரல் கரகரத்தது. நடுவில் இரண்டு தடவை காற்று மட்டும் வந்தது.

"தொண்டை என்ன கண்ணு?"

"ஷோ ஜாஸ்திங். ஒரு மாசமா இப்பிடித்தான். வெந்நி குடிக்கறேன்."

"பாட்டு வெளிய வந்து எத்தனை நாளாச்சு?"

"ஒரு மாசம்."

தொண்டைக்கும் அதே ஒரு மாசம். அந்தப் பாட்டை எடுத்துவிடு சாமி என்று வாய் வரைக்கும் வந்தது. "அந்தப் பாட்டு" என்று ஆரம்பித்துவிட்டேன். அவள் முகம் அப்படியே விரிந்து, "பிடிச்சிருக்குதாங்?" என்றாள்.

"நொம்ப நல்லா இருக்குது கண்ணு."

நான் ஒரு கோழை. இதை மட்டும் நாளைக்குப் படித்துப் பார்க்க வேண்டும்.

மே 2, சனி

என்ன தேதி என்ன மழை ஒன்றும் தெரியவில்லை. எல்லா ரூமும் ஃபுல்.

நீலாவுக்குக் குரல் போய்விட்டது.

காவ்யா வீடியோ காட்டினாள். பெரிய மேடை, ஊர் பேர் வாயில் நுழையவில்லை. மூன்றாவது பாட்டு இதுதான். முதலில் நான் பேசி முடிக்கிறேன், அவள் மைக்கை வாயருகே கொண்டுபோகிறாள், வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. மைக்கைத் தட்டிப் பார்க்கிறாள். தொண்டையைப் பிடிக்கிறாள். கீழே நிற்கிற கூட்டம் அவளுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு தானே பாட ஆரம்பிக்கிறது. ஆயிரக்கணக்கான வெள்ளைக்காரர்களும் கறுப்பர்களும், அர்த்தம் தெரியாமல், அழகாகத் தமிழில், "ஒரு வாயி மூடட்டும்."

அவள் மேடையில் உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் நிறுத்தவில்லை.

குரல் நாணில் கட்டி. வியாழக்கிழமை ஆபரேஷன். அதற்குப் பிறகு இரண்டு வாரம் மூச்சுவிடலாம், பேசக்கூடாது. பழைய குரல் வருமா என்றால் டாக்டர் உறுதி சொல்லவில்லை. அந்தப் பெரிய பாடகரோடு இனி வேறொரு பொண்ணு போகிறாள். ஒரே நாளில் ஆள் மாற்றிவிட்டார்கள். எஸ்டேட்டில்கூட ஒரு வாரம் பொறுப்பார்கள்.

முருகேசன் சமாதானம் சொன்னார். "தெனமும் மேடையேறிக் கத்துனா கட்டி வரத்தான் செய்யும்னு டாக்டரே சொல்றாராமா. நீ என்ன பண்ணுவ?"

டாக்டர் சொல்வது சரியாக இருக்கும். இருக்கட்டும். நான் சொன்னதும் இருக்கிறதே.

மே 5, செவ்வாய்

லீவு சொல்லிவிட்டுச் சேர்வராயன் கோயில். மேலே வெயில், காற்று ஆளைத் தள்ளுகிறது. திருவிழாவுக்குப் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

குனிந்துதான் குகைக்குள் போக வேண்டும். பூசாரியிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். ஒன்றைத் தவிர. அவர் விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நீ மட்டும் வந்து என்ன பண்றது கண்ணு? சொன்னவ தண்ணி ஊத்தோணும், வாங்குனவ கை நீட்டோணும். ரெண்டு பேரும் இங்க நிக்கோணும்."

"அவ அமெரிக்காவுல இருக்கறாங்க."

"பின்ன எப்பிடிச் சாபம் குடுத்த?"

"போன்லங்."

தட்டைக் கீழே வைத்தார்.

"போன்ல போன சொல்லை போன்ல எடுக்க முடியாதுங்களா?" என்றேன்.

"சாமி போன்ல கேக்குமான்னு எனக்கென்ன தெரியும்? கேட்டுத்தானே பலிச்சுதுங்கற நீ. அப்ப கேக்கும்போலத்தான் இருக்குது." பிறகு, "திருவிழா அன்னிக்கு வெடியால வா. உங்கக்காளை போன்ல நிக்கச் சொல்லு. குகைக்குள்ள சிக்னல் கெடையாது, வாசக்கல்லுல நில்லு" என்றார்.

மூன்று தடவை தண்ணீர் ஊற்றிக்கொண்டே "நான் சொன்னதெல்லாம் பொய்யாப் போவட்டும்" என்று சொல்ல வேண்டும். எல்லாம்.

மே 6, புதன்

தூறல். காலை ஏழு மணிக்குப் பங்களா பின்கட்டில் நின்று அக்காவுக்குப் போன் போட்டேன். நாலு வருடம் கழித்து. மூன்றாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"சொல்லு சுமதி."

நேற்று சாயங்காலம் பேசிவிட்டு வைத்தவள் மாதிரி. நான் அழுததில் பாதி நேரம் போயிற்று. அவள் திட்டுவாள் என்று நினைத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அந்த எட்டு மாசமும் எனக்கும் படுக்கைதான் சுமதி. மாருல கட்டி. எடுத்துப்போட்டு மருந்து ஏத்தீட்டு இருந்தாங்க. தலையில ஒரு முடி இல்ல. உங்கிட்டச் சொன்னா அப்பனுக்குத் தெரிஞ்சிரும், அவரு வெசனத்துலயே போயிருவாருன்னு சொல்லல."

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"நீ சாபம் உட்டது எனக்கு ஒண்ணும் பெரிசில்ல. அதுக்காவ நான் அந்த மெசேஜை வெச்சிருக்கல. அப்பன் என் பேரைச் சொல்லீட்டே போனாருன்னு சொன்ன பாரு, அது அதுல மட்டுந்தான் இருக்குது. அதைக் கேட்டுத்தான் நான் பொழைச்சு எந்திரிச்சேன். நீலா எடுத்துப் பாட்டுல வெச்சப்பகூட நான் தடுக்கல. உலகமே கேக்கட்டும், எங்கப்பன் என்னை நெனைச்சாருன்னு."

திருவிழா அன்று தண்ணீர் ஊற்றுவதைச் சொன்னேன். "நீலாவுக்கு நல்லதுன்னா நிக்கறேன்" என்றாள்.

போனை வைத்துவிட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். சேலையெல்லாம் நனைந்தது. இந்த நோட்டில்கூட இதுவரை எழுதாததை எழுதிவிடுகிறேன், யார் படிக்கப்போகிறார்கள்.

அப்பா அக்கா பேரைச் சொல்லவில்லை.

என் பேரையும் சொல்லவில்லை. மத்தியானம் மூன்று மணி இருக்கும், மேகம் கட்டியிருந்தது. கண்ணைத் திறந்து, "மழை வருது, துணிய எடு" என்றார். போய் எடுத்துக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான், முடிந்திருந்தது. எட்டு மாதம் பக்கத்திலேயே இருந்துவிட்டு அந்த ஒரு நிமிடம் நான் கொடியடியில் இருந்தேன். அந்த ஆத்திரம். அவளுக்கு வலிக்க வேண்டும், எங்கே அடித்தால் வலிக்கும் என்று தேடிச் சொன்ன பொய் அது.

வலிக்கவில்லை. அவளுக்கு அது மருந்தாகிவிட்டது.

மே 8, வெள்ளி

ஆபரேஷன் முடிந்தது. ஜெரோம் போட்டோ அனுப்பியிருக்கிறார். நீலா கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறாள், கண் மட்டும் சிரிக்கவில்லை.

மலர்க் கண்காட்சிக்காரர்கள். இட்லி மாவு இரண்டு தடவை அரைத்தேன். ஒரு சார் தலையணை கல் மாதிரி இருக்கிறது என்றார். மாற்றினேன். அதுவும் கல்தான் என்றார்.

மே 12, செவ்வாய்

திருப்பி எடுத்தால், அப்பா பேர் சொன்னார் என்றதையும் சேர்த்து, எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். எடுத்தால் அக்காவுக்கு அப்பா இல்லை. எடுக்காவிட்டால் நீலாவுக்குக் குரல் இல்லை. காலையிலிருந்து இதே. சாம்பாரில் புளி விட மறந்தேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை.

காவ்யாவிடம் சொல்லலாமா? பதினேழு வயசுப் பிள்ளை தலையில் இதை ஏற்றவா. முருகேசனிடம் சொன்னால் ஜீப்பில் போகும். பாப்பாத்தியக்காவிடம் சொன்னால் கோயில் வரைக்கும் போகும்.

மே 17, ஞாயிறு

திருவிழா. விடியற்காலையே ஜீப்பில் மேலே போய்விட்டோம். செம்மநத்தத்திலிருந்தும் மற்ற மலை ஊர்களிலிருந்தும் ஜனம் நடந்தும் டெம்போவிலும் வந்துகொண்டே இருந்தது. மேளம், பலூன், ராட்டினம். இரண்டு கடையில் நீலா பாட்டு. நல்லவேளை மேளத்தில் அமுங்கிவிட்டது.

எட்டு மணிக்கு வாசக்கல்லில் நின்றோம். காவ்யா போனைப் பிடித்தாள். நான் சொம்பைப் பிடித்தேன். அங்கே அவர்களுக்கு முந்தின நாள் ராத்திரி ஒன்பதரை. அக்காவைப் பார்த்தேன். முடி குட்டையாக, வெள்ளையாக. இளைத்திருந்தாள். சமையலறைத் தொட்டிக்கு மேல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நீலா, கையில் கண்ணாடி ஜாடி. நான் இங்கே ஊற்றும்போது அவள் அங்கே ஊற்ற வேண்டும் என்று ஏற்பாடு. பாட்டில் இருப்பது ஒப்பாரி இல்லை, சாபம் என்று அக்கா அவளிடம் சொல்லிவிட்டாளாம். நீலா என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு ஒரு அட்டையில் எழுதிக் காட்டினாள்.

காவ்யா படித்தாள். "தண்ணி சுடுதண்ணியா, பச்சைத் தண்ணியான்னு கேக்கறாம்மா."

"எதுவா இருந்தா என்ன, தண்ணியா இருந்தாச் சரி" என்றார் பூசாரி. பின்னால் வரிசை நெருக்கியது. "சீக்கிரம் ஆவட்டும்ங்" என்று யாரோ.

சொம்பைச் சாய்த்தேன். "நான் சொன்னதெல்லாம்" என்று ஆரம்பித்தேன்.

"இரு சுமதி" என்றாள் அக்கா. "எல்லாம் வேண்டாம். அப்பன் என் பேரைச் சொன்னது மட்டும் இருக்கட்டும். அதை எடுக்காத."

பூசாரி போனுக்குள் எட்டிப் பார்த்து, "அப்பிடிப் பிச்சுப் பிச்சு எடுக்க முடியாதுங்கம்மா. ஒரே மூச்சுல உட்டது, ஒரே மூச்சுலதான் எடுக்கோணும்" என்றார்.

"ஏனுங் சாமி, நெசமா நடந்தது பொய்யாப் போவுமுங்களா?"

"நெசத்துக்கு ஒண்ணும் ஆவாது. பொய்யிதான் போவும்."

"அப்பச் சரிங்" என்றாள் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையை மறுபடி நீட்டினாள். "நெசந்தானே சுமதி?"

பூசாரி என்னைப் பார்த்தார். காவ்யா பார்த்தாள். எனக்குப் பின்னால் நாலு அடியில் சேர்வராயன். நீலா ஜாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்க முடியாமல் நின்றாள்.

"நெசந்தான்க்கா."

ஊற்றினேன். மூன்று தடவையும் சொன்னேன். அங்கே அவளும் ஊற்றினாள். அக்கா ஈரக் கையை முகத்தில் ஒற்றிக்கொண்டாள். மேளம் வந்துவிட்டது, சிக்னல் போய்விட்டது.

கீழே வரும்போது முருகேசன், "இப்ப நிம்மதியா?" என்றார். ஆமாம் என்றேன். சாமி வாசலில் நின்று புதிதாக ஒரு பொய். எது எடுபட்டது, எது எடுபடவில்லை, ஒன்றும் தெரியவில்லை. கொண்டை ஊசி வளைவில் வாந்தி.

மே 18, திங்கள்

நெ. 1, 2, 3 காலி. விரிப்பு பன்னிரண்டு, தலையணை உறை இருபது. கேஸ் வந்தது. காவ்யா கண்ணாடிக்கு அடுத்த வாரம்.

மே 23, சனி

காலையில் வெயில். ரஜாய் எல்லாம் கொடியில்.

நீலா பேசிவிட்டாள். நேற்று டாக்டர் முன்னால் முதல் வார்த்தை. குரல் கொஞ்சம் இறங்கி, கனமாக, வேறு மாதிரி இருக்கிறது. டாக்டருக்குத் திருப்தி, அவளுக்கும் பிடித்திருக்கிறதாம். ஆகஸ்டில் ஆல்பம் வருகிறது. முருகேசன் லட்டு வாங்கி லைன் முழுக்கக் கொடுத்தார். பாப்பாத்தியக்கா என் தலையைத் தொட்டு, "சாமி கேட்டுருச்சு பாரு" என்றாள்.

இரண்டரை மணிக்கு நீலாவிடமிருந்து எனக்கு வாய்ஸ் மெசேஜ், அங்கே இன்னும் விடிந்திருக்காது, தூங்கவில்லை போல. பின்கட்டில் நின்று கேட்டேன்.

"சின்னம்மா, ஆல்பத்துல கடைசிப் பாட்டு அம்மாவுக்காவ எழுதியிருக்கறேன். அதுல தாத்தா வரோணும். அவரு கடைசியா அம்மா பேரை எப்பிடிச் சொன்னாரோ, அதே மாதிரி நீங்க ஒருக்காச் சொல்லி அனுப்புங்க. நீங்க மட்டுந்தானே கேட்டது. அம்மாகிட்டச் சொல்லல. அவங்களுக்குத் தெரியாம வெக்கறேன்."

ஒரு மணி நேரம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தேன். நெ. 4-இல் இருந்து டீ கேட்டு இரண்டு தடவை மணி அடித்தார்கள்.

பிறகு போனை வாயருகே வைத்து அழுத்தினேன். "கலா" என்றேன். என் குரல் மாதிரி இருந்தது, அழித்தேன். இரண்டாவது தடவை இருமல் வந்தது. மூன்றாவது தடவை கண்ணை மூடி, அப்பா படுத்திருந்த மாதிரி கழுத்தைச் சாய்த்து, மூச்சு பாதியில் நிற்க, "கலா... கலா..." என்று சொன்னேன். அப்படியே அப்பா குரல். நானே திரும்பிப் பார்த்தேன்.

அனுப்பிவிட்டேன். அவள் கேட்டுவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடு வந்துவிட்டது.

மேகம் கட்டிவிட்டது. மழை வருகிறது, துணியை எடுக்க வேண்டும்.